பயனாளி மகிழ்ச்சி தெரிவித்தல்

மெத்தைக்கடை வாசலில் இருந்த குழி, அரசாங்கமும் தனியாரும் சேர்ந்து செய்த வேலை. அதனால்தான் அது பாதியில் நின்றது என்று யாராவது சொன்னால் அது அவசரப்பட்ட முடிவு. இரு தரப்பும் தத்தம் பங்கை முழுசாகவே முடித்திருந்தன. தோண்டுவது அரசாங்கத்தின் பொறுப்பு, தோண்டிவிட்டது. கேபிள் போடுவது கம்பெனியின் பொறுப்பு, போட்டுவிட்டது. மூடுவது பரஸ்பர ஒத்துழைப்பின் பொறுப்பு. அதற்கு மட்டும் ஆள் போடவில்லை.

மெத்தை என்பது வாசலில் நின்றபடி வாங்கிப் போகிற சாமான் அல்ல. வாங்க வருகிறவர் உள்ளே வர வேண்டும், கையால் அமுக்கிப் பார்க்க வேண்டும், மனைவி வேறு பக்கம் திரும்பும்போது படுத்துப் பார்க்க வேண்டும், லேசாகக் கண் சொக்க வேண்டும். அதற்கப்புறம்தான் விலையைக் குறைக்கச் சொல்லும் தெம்பு வரும். குழி வந்த நாளிலிருந்து வாடிக்கையாளர்கள் அக்கரையில் நின்று கடையைப் பார்த்தார்கள். கடைக்காரர் இக்கரையில் நின்று அவர்களைப் பார்த்தார். நல்ல உறவுதான், வியாபாரம்தான் இல்லை.

ஒரு பலகை போட்டார். அதன் வழியாக ஒரு தம்பதி வந்து இரட்டை மெத்தை வாங்கினார்கள். திரும்பிப் போகும்போது மெத்தை முதலில் குழிக்குள் போனது, அடுத்து கணவர் போனார். மெத்தை மேலேயே விழுந்ததால் அடி எதுவும் படவில்லை. "மெத்தை நல்ல மெத்தைதாங்க" என்று குழிக்குள்ளிருந்தே பாராட்டினார். மேலே ஏறி வந்ததும் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மெத்தைக்கடைக்காரரின் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், அதே தெருக்கோடியில் ப்ளைவுட் கடை வைத்திருந்தார். தங்கை வீட்டுக்காரர் கஷ்டப்படுவதை அவரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. அதனால் தினமும் வந்து பார்த்தார்.

"மாப்ள, எதுக்கு இந்த அவஸ்தை? கடையைச் சாத்திட்டு நம்ம கடைக்கு வந்துடுங்க. கல்லாவுக்குப் பக்கத்துல உங்களுக்கு ஒரு ஸ்டூல் போட்டுத் தர்றேன். லோடு வந்தா எண்ணிக்கிட்டு உட்கார்ந்திருங்க. ஃபேன் காத்து கூட அந்தப் பக்கம் அப்பப்ப வரும்."

"எங்க அண்ணன் நல்லதுக்குத்தாங்க சொல்றார்" என்றாள் மனைவி. "மாசக் கடைசி வரைக்கும் பாருங்க. குழி மூடலைன்னா பேசாம அண்ணன் கடைக்குப் போயிடுங்க."

வாழ்நாள் முழுக்க மெத்தைமேல் உட்கார்ந்தே தொழில் செய்தவருக்கு அன்றிரவு கனவில் ஸ்டூல் வந்தது. அதற்கு மூன்று கால்கள்தான் இருந்தன.

மறுநாள் அரசாங்கப் பொறியாளரிடம் போனார். பொறியாளர் எதையும் மறுக்கிற ஆள் இல்லை.

"தோண்டினது நாங்கதான். ஒப்புக்கறேன். ஆனா இப்ப அங்க என்ன இருக்கு? காலி இடம். அதுக்குள்ள கேபிள் ஓடுது. கேபிள் கம்பெனியோடது. அப்ப காலி இடமும் கம்பெனியோடதுதானே? உங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லையே?"

கம்பெனி மேலாளர் குளிர்ச்சியான அறையில் உட்கார்ந்திருந்தார். "மூடறதுக்கு நாங்க என்னைக்கோ ரெடி சார். மண்ணை அவங்க அள்ளிட்டுப் போயிட்டாங்க. மண் இல்லாம எப்படி மூடறது? நீங்க வேணா ஒரு மெத்தையைப் போட்டுப் பாருங்களேன். ஒண்ணும் அவசரமில்லையே?"

ஆனால் இருவருமே நல்ல மனசுக்காரர்கள். ஒரே யோசனையைச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை அரசு–தொழில் பரஸ்பர நலன் ஒத்துழைப்பு மன்றத்தின் ஆண்டு மாநாடு. தொழில்துறை அமைச்சரும் கேபிள் கம்பெனியின் அதிபரும் ஒரே மேடையில் இருப்பார்கள். இரண்டு பேரையும் ஒன்றாகப் பிடிக்க வருஷத்துக்கு ஒரே நாள்தான்.

*

மாநாட்டு அரங்கின் வாசலில் ஒரு பெண் மேஜை போட்டு, வருகிறவர்களின் சட்டையில் ரிப்பன் குத்திக்கொண்டிருந்தாள். அரசுக்கு நீலம், தொழிலுக்குப் பச்சை.

"நீங்க அரசா, தொழிலா சார்?"

"நான் குழி விஷயமா வந்திருக்கேன்மா."

அவள் நீலத்தைப் பார்த்தாள், பச்சையைப் பார்த்தாள், பிறகு உள்ளே ஓடி மன்றச் செயலாளரைக் கூட்டி வந்தாள். செயலாளர் விஷயத்தைக் கேட்கக் கேட்க முகம் மலர்ந்தார்.

"அரசு தோண்டி, கம்பெனி கேபிள் போட்ட குழியா? உங்க வாசல்லயே? அட, அப்ப நீங்க பயனாளி சார். உங்களைத்தான் இத்தனை வருஷமா தேடிக்கிட்டு இருக்கோம்."

நிகழ்ச்சி நிரலில் கடைசிக்கு முந்தைய வரியைச் செயலாளர் விரலால் காட்டினார்: 'பயனாளி மகிழ்ச்சி தெரிவித்தல்.' மன்றம் தொடங்கிய நாளிலிருந்து அந்த வரி இருக்கிறது. பயனாளிதான் கிடைக்கவில்லை. "போன வருஷம் அந்த நேரத்துல எல்லாரும் எழுந்து மௌனமா நின்னுட்டோம். அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா சில பேர் யாரோ போயிட்டாங்கன்னு நினைச்சிட்டாங்க."

"ஐயா, நான் மகிழ்ச்சி தெரிவிக்க வரலை, குழியை மூடச் சொல்லி..."

"எதுக்கு வந்திருந்தா என்ன சார், வந்துட்டீங்கல்ல."

ஏலத்துக்கு வந்த காளைமாடு மாதிரி பெரிய மஞ்சள் ரிப்பன் குத்தப்பட்டு, மெத்தைக்கடைக்காரர் மேடையில் ஏற்றப்பட்டார். நாற்காலி மெத்தை வைத்தது. அமுக்கிப் பார்த்தார். மட்டமான பஞ்சு.

முதலில் அதிபர் பேசினார். "நாங்கள் அரசாங்கத்திடம் கை நீட்டுகிறவர்கள் அல்ல. நிலம், தண்ணீர், மின்சாரம், வரிவிலக்கு, வங்கிக் கடன், அந்தக் கடனைத் திரும்பக் கேட்காத பெருந்தன்மை, இவை தவிர வேறு எதையும் நாங்கள் கேட்டதில்லை. எங்கள் சொந்தக் காலில் நிற்கவே விரும்புகிறோம். நிற்பதற்கு ஓர் இடம் மட்டும் ஊருக்கு நடுவில் ஒதுக்கிக் கொடுத்தால் போதும்."

பச்சை ரிப்பன்கள் எல்லாம் கைதட்டின.

அமைச்சர் எழுந்தார். "அரசு என்பது சாலை. தொழில் என்பது அதில் ஓடும் வண்டி. மக்கள் என்பவர்கள்..." காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "மக்கள் என்பவர்கள், ஓரமாக நின்று வழிவிட வேண்டும். சிலர் கேட்கிறார்கள், தொழிலதிபர்களுக்கு ஏன் இவ்வளவு செய்கிறீர்கள் என்று. நாங்கள் செய்வதே இல்லை. அவர்கள் செய்துகொள்கிறார்கள், நாங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறோம். இதற்குப் பெயர்தான் பரஸ்பர நம்பிக்கை."

நீல ரிப்பன்கள் எல்லாம் கைதட்டின. மஞ்சள் ரிப்பனும் மரியாதைக்கு ஒருமுறை தட்டியது.

அடுத்தது கைகுலுக்கல். மன்றத்தின் மொத்தச் சாதனையும் இதுதான் என்பதால் அரங்கமே எழுந்து நின்றது. ஆனால் இதில் ஒரு சிக்கல் இருந்தது. போன வருஷம் கைகுலுக்கும்போது அதிபர் முதலில் கையை எடுத்துவிட்டார். தொழில்துறைக்கு அரசுமேல் நம்பிக்கை போய்விட்டது என்று மறுநாள் பங்குச்சந்தை படுத்துவிட்டது. அதற்கு முந்தின வருஷம் அமைச்சர் முதலில் எடுத்தார். சலுகைகள் எல்லாம் நிறுத்தப்படப் போகின்றன என்று மூன்று ஆலை முதலாளிகள் ஆலையைப் பூட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டார்கள். அமைச்சருக்குத் தும்மல் வந்தது, அவ்வளவுதான். அதை அவர்கள் நம்பவில்லை.

எனவே இந்த வருஷம் செயலாளர் ராத்திரி பகலாக யோசித்து ஓர் ஏற்பாடு செய்திருந்தார். அதற்கு வேண்டிய பயனாளியும் கடைசி நேரத்தில் கிடைத்துவிட்டார். கைகுலுக்கியபடியே இருவரும் நிற்க வேண்டும். பயனாளி மகிழ்ச்சி தெரிவிக்க வேண்டும். அரங்கம் கைதட்ட வேண்டும். அந்தக் கைதட்டலில் இருவரும் சேர்ந்து கலந்துகொள்ளும் சாக்கில், யார் முதலில் என்று யாருக்கும் தெரியாமல் கைகள் பிரிந்துவிட வேண்டும். மாநாடு இனிதே முடியும்.

அமைச்சர் கையை நீட்டினார். அதிபர் பற்றிக்கொண்டார். ஒலிபெருக்கி மெத்தைக்கடைக்காரர் முன்னால் வைக்கப்பட்டது.

"சும்மா 'ரொம்ப மகிழ்ச்சி'ன்னு சொல்லுங்க சார், போதும்" என்று செயலாளர் காதில் சொன்னார்.

சொல்லிவிடலாம் என்றுதான் அவரும் வாயைத் திறந்தார். கண்முன்னால் ஸ்டூல் வந்து நின்றது.

"குழியை மூடிட்டா மகிழ்ச்சிங்க" என்றார்.

யாரும் கைதட்டவில்லை. தட்டலாமா என்று நீலம் பச்சையைப் பார்த்தது, பச்சை நீலத்தைப் பார்த்தது. மேடையில் இரண்டு கைகளும் பிடித்தது பிடித்தபடி இருந்தன.

"வருத்தமா சொல்றாரா, மகிழ்ச்சியா சொல்றாரா?" என்று அமைச்சர் சிரித்த முகம் மாறாமல் பல்லிடுக்கில் கேட்டார்.

"நிபந்தனையோட சொல்றார் சார்" என்றார் செயலாளர்.

உடனே மாற்று ஏற்பாட்டில் இறங்கினார். "ஐயா, நான் மூணு வரைக்கும் எண்ணறேன். மூணுன்னதும் ரெண்டு பேரும் ஒண்ணா எடுத்துடுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு."

இருவரும் எடுக்கவில்லை. தான் எடுத்து மற்றவர் எடுக்காமல் இருந்துவிட்டால் என்ன ஆவது என்று இருவருமே யோசித்திருந்தார்கள். இத்தனை வருஷத்துப் பரஸ்பர நம்பிக்கை சும்மாவா.

வேறு பயனாளியைத் தேடினார்கள். அமைச்சரின் ஓட்டுநர் முன்வந்தார்; அவர் அரசுத் தரப்பு என்பதால் அதிபர் ஒப்புக்கொள்ளவில்லை. பிஸ்கெட் தட்டு ஏந்தி நின்றவரை அழைத்தார்கள். அவர் அதிபரின் ஹோட்டல் ஆள் என்று அமைச்சர் மறுத்துத் தலையாட்டிவிட்டார். அரங்கம் முழுக்கத் தேடியும் அரசும் தொழிலும்தான் இருந்தன. இந்த ஒத்துழைப்பால் பயன்பெற வேண்டிய வெளியாள் என்று ஊரில் ஒரே ஒருவர்தான் வந்திருந்தார், அவரும் மகிழ்ச்சியாக இல்லை.

மகிழ்ச்சி என்றால் என்ன என்று வரையறுக்க அங்கேயே ஒரு குழு போடப்பட்டது. குழு ஓரமாகப் போய்ப் பேசி, இடைக்கால அறிக்கையுடன் திரும்பியது: அழாமல் இருப்பவரை மகிழ்ச்சியாக இருப்பவராகக் கருதலாம். மெத்தைக்கடைக்காரரின் கண்ணை ஒருவர் எட்டிப் பார்த்து, "லேசா கலங்கியிருக்கு" என்றார். அறிக்கை கிடப்பில் போடப்பட்டது.

"உங்களுக்கு 'சிறந்த பயனாளி' விருது கொடுத்துடறோம்" என்றார் செயலாளர்.

"கொடுங்க, வாங்கிக்கறேன். குழி?"

"கடையை வேற இடத்துக்கு மாத்திக்கலாமே" என்றார் அதிபர்.

"குழியை வேற இடத்துக்கு மாத்திடுங்களேன்" என்றார் மெத்தைக்கடைக்காரர். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. எது சுலபமோ அதைச் சொன்னார்.

அமைச்சருக்கு மூக்கு அரித்தது. இடது கையால் சொறிந்துகொண்டார். இடது கையில் மோதிரம் இருந்ததால் மூக்கில் கீறல் விழுந்தது. மன்றத்தின் வரலாற்றில் முதன்முறையாக ஒரு முடிவு எடுக்கப்பட்டது.

"வாங்க, போய் அந்தக் குழியைப் பார்ப்போம்."

*

வலது கையும் வலது கையும் பற்றியிருந்தால் இருவரும் எதிரும் புதிருமாகத்தான் நிற்க முடியும். எனவே அரசு ஓர் அடி முன்னே வைத்தால் தொழில் ஓர் அடி பின்னே வைக்க வேண்டியிருந்தது. சற்றுத் தூரம் போனதும் அதிபர் ஆட்சேபித்தார். அப்புறம் தொழில் முன்னேறியது, அரசு பின்வாங்கியது. கடைசியில் இருவரும் சமரசமாகி நண்டுபோலப் பக்கவாட்டில் நடந்து கார் வரைக்கும் வந்தார்கள். பின்னால் வந்த அதிகாரிகளும் எதற்கு வம்பு என்று பக்கவாட்டிலேயே நடந்தார்கள்.

குழியின் விளிம்பில் நின்று அமைச்சர் எட்டிப் பார்த்தார்.

"ஆழமாத்தான் இருக்கு."

"தோண்டறதுல நாங்க குறையே வைக்கல சார்" என்றார் பொறியாளர், அடக்கமாக.

"ஏன் மூடலை?" என்று அதிபர் தன் மேலாளரைக் கேட்டார்.

"மண் இல்லைங்க ஐயா. அவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"மண் எங்கே?" என்று அமைச்சர் பொறியாளரைக் கேட்டார்.

பொறியாளர் செருப்பைப் பார்த்தார். "அதான் சார்... இந்த ஐயா தன் வீட்டுத் தோட்டத்துல புல்மேடு போடணும்னு சொன்னப்ப, நீங்கதான் நல்ல மண்ணா நாலு லாரி அனுப்பச் சொன்னீங்க."

அமைச்சர் அதிபரைப் பார்த்தார். அதிபர் அமைச்சரைப் பார்த்தார். கை பிடித்திருந்ததால் வேறு பக்கம் பார்க்க வசதிப்படவில்லை.

"அந்த மேட்டுல ரோஜா வெச்சிருக்கேனே" என்றார் அதிபர்.

"ரோஜாவை அப்புறம் பார்க்கலாம். எனக்கு அவசரமா..." அமைச்சர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு அவசரம்."

தனக்கும்தான் என்பதுபோல அதிபர் தலையசைத்தார். அரசும் தொழிலும் அன்றுதான் உண்மையிலேயே ஒரே நோக்கத்துடன் செயல்பட்டன. லாரிகள் பறந்தன. வேலை மடமடவென்று நடக்கவிருந்த நேரத்தில், மண்வெட்டி அரசுடையது, அள்ள வேண்டியது கம்பெனி ஆட்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. "யார் கையில என்ன இருக்கோ அதால அள்ளுங்கடா" என்று அமைச்சர் சொன்ன ஒரே வாக்கியம், மன்றம் இதுவரை வெளியிட்ட எல்லாக் கூட்டறிக்கைகளையும்விடத் தெளிவாக இருந்தது.

இதற்கிடையில் இருவரும் பலகைமேல் பக்கவாட்டில் நடந்து மெத்தைக்கடைக்குள் போனார்கள். கடையின் பின்பக்கம் ஒரு சின்னக் கழிவறை உண்டு. முதலில் அமைச்சர் உள்ளே போனார். கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை. வெளியே நின்ற அதிபர், உள்ளே போன கையை விடாமல் பிடித்துக்கொண்டு, விட்டத்தைப் பார்த்தபடி பொருளாதாரத்தின் போக்கைப் பற்றி உரக்கப் பேசினார். பிறகு இடம் மாறினார்கள். அமைச்சரும் பொருளாதாரத்தைப் பற்றியே பேசினார்.

வெளியே வந்ததும் களைப்பாக ஒரு மெத்தைமேல் உட்கார்ந்தார்கள். பல நாள் கழித்துக் கடைக்குள் ஆள் உட்கார்ந்ததும் மெத்தைக்கடைக்காரருக்குப் பழக்கம் விடவில்லை.

"கையை வெச்சு அமுக்கிப் பாருங்க சார். நல்ல பஞ்சு. உங்க மாநாட்டு நாற்காலியில இருக்கே, அது கழிவுப் பஞ்சு."

அமைச்சர் அமுக்கிப் பார்த்தார். லேசாகச் சாய்ந்தார். அவருக்குக் கண் சொக்கியது.

*

குழி மூடியாயிற்று. மண்ணோடு சேர்ந்து இரண்டு ரோஜாச் செடிகளும் வந்திருந்ததால் கடை வாசல் முன்பைவிட அழகாகவே இருந்தது. செயலாளர் ஒலிபெருக்கியை அங்கேயே கொண்டுவந்து நிறுத்தினார். நீல ரிப்பன்களும் பச்சை ரிப்பன்களும் கைகளைத் தயாராக உயர்த்தி வைத்துக்கொண்டன.

மெத்தைக்கடைக்காரர் கடையைவிட்டு வெளியே வந்து, பலகை இல்லாமல், நேராக, தன் சொந்தக் காலால் தெருவுக்கு நடந்தார். ஒருமுறை திரும்பி உள்ளே போய் மறுபடி வந்தார். மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "போதுங்க, எல்லாரும் பார்க்கறாங்க" என்றாள். ஆனால் அவளும் ஒருமுறை அப்படி நடந்து பார்த்தாள்.

அவர் ஒலிபெருக்கி பக்கம் திரும்பியபோது பின்னாலிருந்து யாரோ சட்டையை இழுத்தார்கள். பக்கத்து சலூன்காரர்.

"அண்ணே, அவசரப்பட்டு சந்தோஷப்பட்டுடாதீங்க."

"ஏன்பா?"

"மேல பாருங்க. தெருவிளக்கு. கம்பம் கம்பெனியோடது, பல்பு அரசாங்கத்தோடது. எரிஞ்சு எத்தனை நாளாச்சு?"

எதிர்க்கடையிலிருந்து மருந்துக்கடை அக்காவும் ஓடி வந்தார். "தம்பி, குழாயில காத்துதான் வருது. ஒரு வார்த்தை சேர்த்துக்கப்பா."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மச்சான் வந்தார். வழக்கமாகத் தெருக்கோடியிலிருந்தே "மாப்ள" என்று கத்துகிறவர், இன்று பக்கத்தில் வந்து மெல்லக் கூப்பிட்டார்.

"மாப்ள, நம்ம ப்ளைவுட் கடை வாசல்ல நட்டநடுவுல ஒரு கம்பம் நிக்குது பாருங்க. லாரி உள்ளே வர மாட்டேங்குது. பெரிய மனுஷங்களெல்லாம் உங்க பேச்சுக்குக் காத்திருக்காங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

"மச்சான், நான் சொல்றதால எதுவும் நடக்கல. சொல்லாம இருக்கறதாலதான் நடக்குது."

மச்சான் வாழ்க்கையில் முதன்முறையாக மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார். ஏறும்போது ஒரு மாதிரியும் இறங்கும்போது வேறு மாதிரியும் பார்த்தார்.

மெத்தைக்கடைக்காரர் ஒலிபெருக்கியை விரலால் தட்டிப் பார்த்தார்.

"குழியை மூடிட்டீங்க. ரொம்ப நன்றிங்க."

ரிப்பன்களின் கைகள் ஒன்றை ஒன்று நெருங்கின. அமைச்சரின் விரல் ஒன்று தளர்ந்தது. அதிபரின் விரல் ஒன்றும் தளர்ந்தது.

"மகிழ்ச்சி..." என்று சொல்லி நிறுத்தி, அவர் நியாயமாக யோசித்தார். "முக்கால்வாசி வந்திருச்சுங்க."

கைகள் அந்தரத்தில் நின்றன. விரல்கள் மறுபடி இறுகின. அரசும் தொழிலும் ஒரே மூச்சில், ஒரே குரலில் கேட்டன:

"மீதி கால்வாசி எங்க இருக்கு?"

மெத்தைக்கடைக்காரர் மேலே விளக்கைக் காட்டினார். பிறகு எதிர்ப்பக்கத்துக் குழாயைக் காட்டினார். கொஞ்சம் தயங்கி, தெருக்கோடியில் இருந்த கம்பத்தையும் காட்டினார். பொறியாளரும் மேலாளரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு ஓடினார்கள். எங்கிருந்தோ ஓர் ஏணி வந்தது. அதைக் கொண்டுவந்தது எந்தத் தரப்பு என்று யாரும் கேட்கவில்லை.

"நீங்க ஏன் நிக்கறீங்க மாப்ள" என்று மச்சான் தன் கடைக்கு ஓடிப்போய், கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலைத் தூக்கிவந்து மூடிய குழியின்மேல் போட்டார். மெத்தைக்கடைக்காரர் உள்ளே போய் ஒரு நல்ல தலையணையாக எடுத்துவந்து, ஸ்டூல்மேல் வைத்து, அமுக்கிப் பார்த்து, உட்கார்ந்தார்.

ஏணியில் பாதி ஏறியிருந்த பொறியாளர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு பரிதாபமாகக் கீழே பார்த்தார்.

"மெதுவாவே பண்ணுங்க சார்" என்றார் மெத்தைக்கடைக்காரர். "எனக்கு ஒண்ணும் அவசரமில்லை."